எங்கள் ஊர்ப் பாய்மரக் குழு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன குழு? எங்கே இருக்கிறது?

வேதாரண்யத்துக்கு வடக்கே, வங்கக் கடலைப் பார்த்தபடி இருக்கும் மீனவ ஊர் எங்களுடையது. மேற்கே உப்பளமும் கடைமடை வயலும், கிழக்கே கடல். இஞ்சின் வருவதற்கு முன்னால் பாய் போட்டுத் தொழிலுக்குப் போன பெரியவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் பாய்மரம் ஓட்டப் படிப்பதற்கும், அதை அடுத்த பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதற்கும் சேர்ந்ததுதான் இந்தக் குழு. நகரத்துப் பாய்மரச் சங்கங்களைப் போல் எங்களுக்குத் தனித் துறையோ கட்டடமோ கிடையாது. ஏலக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை, அதில் படகு, பாய், கயிறு. அவ்வளவுதான்.

இந்தக் கரையில் பாய்மரம் எவ்வளவு பழையது?

காவிரிப்பூம்பட்டினம் இருந்த காலத்திலிருந்தே உண்டு. நீடாமங்கலம் அருகே கோயில்வெண்ணியில் போர் வென்ற கரிகாலனை வெண்ணிக்குயத்தியார் பாடிய புறநானூற்று 66ஆம் பாட்டு, காற்றின் தொழிலை ஆண்டு கடலில் நாவாய் ஓட்டியவர்களின் வழிவந்தவன் என்றுதான் அவனை அழைக்கத் தொடங்குகிறது. அரசனைப் புகழ எத்தனையோ இருக்க, அந்தப் புலவர் முதலில் எடுத்தது காற்றையும் பாயையும். 1025இல் ராஜேந்திர சோழனின் படை கடல் கடந்து கடாரம் போனதும் பாயில்தான். 1620இல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடிக்கு வந்ததும், 1658இல் டச்சுக்காரர்கள் நாகப்பட்டினத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்ததும் பாய்க்கப்பலில்தான்.

அரசர் கதையை விட எங்களுக்கு நெருக்கமானது வணிகர் கதையும் மீனவர் கதையும். நாகப்பட்டினம், நாகூர், அதிராம்பட்டினம் மரைக்காயர்கள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பாய்க்கப்பல் விட்டார்கள். சிங்கப்பூரில் 1828க்கும் 1830க்கும் இடையில் நாகூர் ஆண்டகையின் பெயரில் ஒரு தர்கா எழும்பியது அந்தப் போக்குவரத்தின் விளைவு. கந்தூரிக்கு நாகப்பட்டினத்திலிருந்து நாகூருக்குக் கொடி ஊர்வலம் வரும்போது, கொடியைச் சுமந்து வருவது கப்பல் வடிவ ரதம். கரையோரத்தில் வளர்ந்த எந்தச் சாதி, மதப் பிள்ளையும் முதலில் பார்த்த பாய்மரம் அனேகமாக அதுவாகத்தான் இருக்கும்.

மீன் பிடிக்கப் பாய்மரத்தில் போனார்களா? எந்தப் படகில்?

எங்கள் பக்கம், அதாவது பழையாறு முதல் கோடியக்கரை வரை கிழக்கு பார்த்த கரையில், கட்டுமரம். கோடியக்கரையைத் தாண்டிக் கரை மேற்கே திரும்பியதும் முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம் பக்கம் வத்தை என்ற பலகைப் படகு. ஒரே டெல்டாவில் இரண்டு படகு இருக்கக் காரணம் கடல்தான். எங்கள் பக்கம் கரையிலேயே அலை உடையும். பலகைப் படகை அதில் இறக்கி ஏற்றுவது கஷ்டம், மரத்துக்கு அந்தப் பயம் இல்லை. தண்ணீர் மேலே ஏறினாலும் மரங்களுக்கு நடுவே வழிந்துவிடும். அந்தப் பக்கம் பாக் நீரிணை. ஆழம் குறைவு, அலை தணிவு, அடியில் சேறு. தட்டையான அடி உள்ள பலகைப் படகுதான் அங்கே சரிப்படும்.

கட்டுமரத்தைப் பற்றி வெளியூர்க்காரர்கள் அறியாத ஒன்று: கரைக்கு வந்ததும் கட்டிய கயிற்றை அவிழ்த்துவிடுவார்கள். ஒவ்வொரு மரத்தையும் தனியாக உருட்டி வெயிலில் காய வைப்பார்கள். ஊறிய மரம் கனம் கூடி மிதப்பு குறையும். மறுநாள் மறுபடி கயிறு போட்டு இறுக்கிக் கட்டுவது. இறுக்கம் சரியாக இருக்கிறதா என்பதை எங்கள் பெரியப்பா ஒருவர் காலால் பார்ப்பார். இரண்டு மரம் சேரும் இடத்தில் குதிகாலை வைத்து அழுத்துவார். மரம் ஒன்றையொன்று நகர்த்தினால் மொத்தத்தையும் அவிழ்க்கச் சொல்லிவிடுவார். பாதி சரி, மீதி போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சு அவரிடம் எடுபடாது.

வைகாசி, ஆனியில் கோலா மீனுக்குப் போவதற்கென்றே பெரிய மரம் கட்டினார்கள், கோலா மரம் என்று பெயர். கரை கண்ணுக்குத் தெரியாத தூரம் போய், இலைதழைக் கொத்தைக் கடலில் மிதக்கவிட்டுக் காத்திருப்பார்கள். முட்டையிட வரும் கோலா அந்தத் தழையைச் சுற்றும்; கைவலையால் கோரி எடுப்பார்கள். போவதும் வருவதும் பாயில். திசைகாட்டி கிடையாது. பகலில் காற்றும் அலை வரும் பக்கமும், இரவில் நட்சத்திரமும்தான் வழி.

வத்தை வேறு ரகம். மூன்று பாய்மரம் வரை நிற்கும். சட்டங்களின் வளைவை ஆசாரி முதலில் பலகையில் வரைந்து, சட்டத்தை நிறுத்தி, அப்புறம்தான் பலகை அடிப்பார். ஒரு பக்கமாகக் காற்று அழுத்தும்போது படகு சாயாமல் இருக்க, குறுக்கே ஒரு நீளப் பலகை வெளியே நீட்டியிருக்கும். ஆட்கள் அதில் ஏறி உட்கார்ந்து சமன் செய்வார்கள். காற்று ஏற ஏற ஆள் வெளியே நகர வேண்டும். தொண்டி, நம்புதாளைப் பக்கம் திருவிழாவை ஒட்டி நடக்கும் பாய்மரப் படகுப் போட்டியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

அப்புறம் பாய் ஏன் இறங்கியது?

இஞ்சின் வந்தது. 1980களில் கட்டுமரத்தில்கூட வெளியே பொருத்தும் மோட்டாரை மாட்டத் தொடங்கினார்கள். அதில் குறை சொல்ல எதுவுமில்லை. காற்று விழுந்த நாளில் நடுக்கடலில் துடுப்புப் போட்டுக் கை தோலுரிந்தவர்களுக்குத்தான் மோட்டாரின் அருமை தெரியும்.

பாய் தெரிந்தவர்கள் இருந்தவரை மரமும் பாயும் கரையில் கிடந்தன. 2004 டிசம்பர் 26 அதையும் கொண்டுபோனது. தமிழ்நாட்டில் சுனாமியில் அதிகம் இழந்தது நாகப்பட்டினம் மாவட்டம், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள். படகு போன கணக்கு அதற்கப்பால். நிவாரணமாக வந்தவை பெரும்பாலும் பைபர் படகுகள். அந்த உதவி இல்லாவிட்டால் ஊர் எழுந்திருக்காது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் பாய் கட்டிய கட்டுமரத்தைக் கரையில் பார்க்காமலே வளர்ந்தார்கள்.

குழு எப்படித் தொடங்கியது?

ஒரு வீட்டுப் பரணில் பழைய பருத்திப் பாய் ஒன்று சுருட்டிக் கிடந்தது. வீட்டைப் பிரித்துக் கட்டும்போது இறக்கினார்கள். எலி கடித்த ஓட்டையைத் தைத்துத் தரச் சொல்லி வீட்டுப் பிள்ளைகள் பெரியவர்களிடம் கொண்டுபோக, அவர்கள் திண்ணையில் உட்கார்ந்து தைத்துக்கொண்டே பேசத் தொடங்கினார்கள். எந்தக் கயிறு ஆஞ்சான், எது தாமான், பருமல் எவ்வளவு நீளம் என்று ஆளுக்கொரு விவாதம். அதுவரை மோட்டார் குதிரைத்திறன் பேசிக்கொண்டிருந்த இளைஞர்கள் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

தைத்த பாயைக் கட்டக் கட்டுமரம் வேண்டியிருந்தது. ஊர்ப் பஞ்சாயத்தார் அனுமதியோடு மரம் வாங்கிக் கட்டினோம். இன்றும் எங்கள் பயிற்சி அந்த மரத்தில்தான் தொடங்குகிறது.

அந்தச் சொற்களைக் கொஞ்சம் விளக்குங்கள். புதிதாக வருபவர்களுக்கு ஒன்றும் புரிவதில்லை.

படகின் முன்பக்கம் அணியம். பாயைத் தாங்கும் குறுக்குக் கழி பருமல். பருமலை மேலே ஏற்றும் கயிறு ஆஞ்சான். பாயின் கீழ் முனையைப் பிடித்து இழுத்தும் தளர்த்தியும் காற்றை அளந்து வாங்கும் கயிறு தாமான். முதல் நாள் தாமானைத்தான் கையில் கொடுப்போம். இழுத்தால் வேகம், விட்டால் நிம்மதி. பயந்தால் விட்டுவிடு, பாய் படபடவென்று அடிக்கும், படகு நின்றுவிடும். இதைக் கை கற்றுக்கொண்ட பிறகுதான் மற்றதெல்லாம்.

காற்று எதிரே அடித்தால் எப்படித் திரும்பி வருவீர்கள்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். காற்றுக்கு நேர் எதிரே எந்தப் பாய்மரமும் போகாது. ஆனால் காற்று வரும் திசைக்கு ஏறத்தாழ 45 பாகை சரிவாகப் போக முடியும். கொஞ்ச தூரம் இடப்பக்கம் சரிந்து போய், அணியத்தைத் திருப்பி, வலப்பக்கம் சரிந்து போய், இப்படி வளைந்து வளைந்து எதிர்காற்றில் ஏறலாம். சரிவாகப் போகும்போது படகு பக்கவாட்டில் நழுவும். அதைத் தடுக்கத்தான் நீருக்குள் இறங்கும் பலகை. சின்ன பைபர் பாய்ப்படகில் அது நடுவில் இருக்கும், வத்தையில் பக்கத்தில் தொங்கும்.

திரும்பும் இடத்தில்தான் திறமை தெரியும். சின்னப் படகில் சுக்கானைத் தள்ளிவிட்டுப் பாய்க்கடியில் குனிந்து மறுபக்கம் போனால் போதும். வத்தையில் பருமலையே பாய்மரத்தைச் சுற்றி மறுபக்கம் கொண்டுபோக வேண்டும். அதற்கு ஆள் கூடுதலாக வேண்டும், எல்லோரும் ஒரே நேரத்தில் கை கொடுக்க வேண்டும்.

பெரியவர்கள் எதிர்காற்றில் மல்லுக்கட்டுவதைவிடக் காற்றின் நேரம் பார்த்துப் போவதையே அறிவு என்பார்கள். விடியற்காலையில் தரையிலிருந்து கடலுக்குக் காற்று போகும், அதில் கிளம்பு. மதியத்துக்கு மேல் கடலிலிருந்து தரைக்குக் காற்று வரும், அதில் திரும்பு. தரையும் கடலும் வெயிலில் வேறு வேறு வேகத்தில் சூடாவதால் வரும் இந்த மாற்றத்தை வைத்துத்தான் தலைமுறை தலைமுறையாகத் தொழில் நடந்தது.

எந்த மாதத்தில் வந்தால் ஓட்டலாம்?

தை பிற்பாதியிலிருந்து பங்குனி வரை. வாடை ஓய்ந்து கடல் தணிந்திருக்கும், மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் அளவான கடல்காற்று வரும். கடல்காற்றில் பழகுவதில் ஒரு பாதுகாப்பு உண்டு: எதுவும் சரியில்லை என்றால் காற்றே உங்களைக் கரைக்குத் தள்ளிவிடும்.

சித்திரைக்கு மேல் ஆவணி வரை கவனம் தேவை. காலையில் கச்சான், தென்மேற்கிலிருந்து சூடாக வீசும். கரையில் நின்று பார்த்தால் கடல் கண்ணாடி மாதிரி அமைதியாகத் தெரியும். தரைப்பக்கமிருந்து வீசுவதால் கரையோரம் அலை எழாது. அந்த அமைதியை நம்பி இறங்கும் புதியவரை அது வெளியே கொண்டுபோய்விடும், வெளியே போகப் போகக் காற்றும் அலையும் கூடும். கச்சான் நிற்காமல் சிறுவர் படகு இறக்குவதில்லை என்பது எங்கள் கண்டிப்பான விதி. பிற்பகலில் காற்று திரும்பினால் மட்டும் ஓட்டுவோம்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் படகு கரையில். வாடைக் காலம், புயல் காலம். முகத்துவாரங்களில் வெள்ளம் கடலுக்குள் பாயும்போது அங்கே இழுப்பு கடுமையாக இருக்கும். அந்த மாதங்களில் பாய் தைப்பு, கயிறு பின்னல், மரவேலை, முடிச்சுப் பழக்கம்.

கடலுக்கு இறங்கலாமா என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?

இரண்டு சாட்சி வேண்டும். ஒன்று, இந்திய வானிலை ஆய்வுத் துறையின் எச்சரிக்கையும், ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் தரும் அலை, காற்று முன்னறிவிப்பும். நாகப்பட்டினம் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருந்தால் பேச்சே இல்லை.

இன்னொன்று, கரையில் நிற்கும் பெரியவர். பிள்ளைகளை வரிசையாகக் கடலைப் பார்த்து நிறுத்திக் கண்ணை மூடச் சொல்வார். தலையை மெதுவாகத் திருப்ப வேண்டும். இரண்டு காதிலும் காற்றின் இரைச்சல் ஒரே அளவாகக் கேட்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். கண்ணைத் திறந்தால் முகம் இருக்கும் திசைதான் காற்று வரும் திசை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி செய்யச் சொல்வார். திசை நகர்ந்திருந்தால், எந்தப் பக்கம் நகர்ந்தது என்று கேட்பார். எட்டு வயதுப் பிள்ளைகூட இதைப் படித்துக்கொள்கிறது.

இரண்டில் ஒன்று வேண்டாம் என்றாலும் இறங்க மாட்டோம். கடல் பரப்பில் வெள்ளை நுரை பூக்க ஆரம்பித்தாலும் புதியவர்கள் இறங்குவதில்லை. அவர்களுக்கு எங்கள் வரம்பு சுமார் 12 நாட் காற்று, அதாவது மணிக்கு 22 கிலோமீட்டர்.

நீச்சல் தெரியாது. சேரலாமா?

சேரலாம், கொட்டகை வேலையில். கடலில் இறங்க நீச்சல் தெரிந்தே ஆக வேண்டும். மீனவ வீட்டுப் பிள்ளைக்கும் இதே விதிதான். நீந்தத் தெரிந்தவர்களும் லைப் ஜாக்கெட் போடாமல் ஏறக் கூடாது. மோட்டார் பொருத்திய ஒரு பைபர் படகு கூடவே வரும்.

எல்லோருக்கும் படகைக் கவிழ்க்கப் பழக்குவோம். இடுப்பளவு தண்ணீரில் வேண்டுமென்றே கவிழ்த்து, நீருக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகையில் ஏறி நின்று எடை போட்டு நிமிர்த்த வேண்டும். நிமிர்த்த முடியாவிட்டால் படகைப் பிடித்துக்கொண்டு மிதக்க வேண்டும். கரை கிட்டத்தில் இருக்கிறதே என்று படகை விட்டு நீந்தக் கூடாது. தேடி வருபவர் கண்ணுக்குப் படகு தெரியும், தலை தெரியாது. அவசரத்துக்குக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, கடலோரக் காவல்படையின் 1554 இரண்டு எண்ணும் ஒவ்வொரு படகிலும் எழுதியிருக்கிறது.

பெண் பிள்ளைகள் ஓட்டுகிறார்களா?

ஓட்டுகிறார்கள். தொடக்கத்தில் ஊரில் முணுமுணுப்பு இருந்தது உண்மை. கடலுக்குப் போவது ஆண், கரையில் விற்பது பெண் என்று பழகிய ஊர். மாற்றியது பேச்சு இல்லை, கூடை சுமந்து மீன் விற்கும் ஒரு அத்தைதான். தன் பேத்தியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, "இவளும் உட்காரட்டும்" என்று விட்டுப் போனார். அவரை எதிர்த்துப் பேச ஊரில் ஆள் கிடையாது.

சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன்தான் இந்தியாவிலிருந்து பாய்மரப் போட்டிக்கு ஒலிம்பிக் தகுதி பெற்ற முதல் பெண். 2021இல் நடந்த டோக்கியோ போட்டியிலும் 2024 பாரிஸிலும் ஓட்டினார். எங்கள் பிள்ளைகள் கொட்டகைச் சுவரில் அவர் படத்தை ஒட்டியிருக்கிறார்கள்.

ஒலிம்பிக்குக்குப் போகும் அளவுக்குப் பயிற்சி உண்டா?

இங்கே கிடையாது. அதற்குச் சென்னைதான். 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பும் தமிழ்நாடு பாய்மரச் சங்கமும் அங்கே இருக்கின்றன. எங்களிடம் இருப்பது 15 வயதுக்குட்பட்டவர்கள் ஓட்டும் ஆப்டிமிஸ்ட் ரகத்தின் பழைய படகு, நீளம் 2.3 மீட்டர், ஒரு பாய், ஒரு ஆள். ஆசை வந்த பிள்ளையைச் சென்னைக்கு அனுப்ப வழி காட்டுவோம். ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கடலிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இத்தனை நூறு கிலோமீட்டர் கரையில் இருக்க, அவர்கள் பாய்மர விளையாட்டுக்குள் வரும் கதவு மாநிலத் தலைநகரில் மட்டும் இருப்பது சரியில்லை. நாகப்பட்டினத்திலும் காரைக்காலிலும் ஒவ்வொரு பயிற்சி மையம் வர வேண்டும் என்று தொடர்ந்து கேட்டு வருகிறோம்.

பந்தயம் எப்போது?

மாசி மகத்தை ஒட்டி. திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் நாள் அது; மீனவர்கள் அவரை மாப்பிள்ளை என்று சொல்லி வரவேற்பார்கள். டெல்டா கடற்கரை முழுக்க அன்று ஜனம் இருக்கும். நாங்கள் ஓட்டுவது அந்த வாரத்தில் ஊர் தொழிலுக்குப் போகாத ஒரு பிற்பகலில். மிதவை மூன்று போட்டு முக்கோணம். கட்டுமரம் தனி, சிறுவர் படகு தனி. கட்டுமரக்காரர்கள் பருத்திப் பாயில் கடல்நீரைக் கோரி இறைத்துக்கொண்டே ஓட்டுவார்கள். நனைந்த துணியில் இழை இறுகிக் காற்று கசியாது.

கரைவலை இழுக்கும் பக்கம் மிதவை போடுவதில்லை. வலைக்குத்தான் முதல் உரிமை.

மீன்பிடித் தடைக்காலத்தில் ஓட்டலாமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை விசைப்படகுகளுக்கு. இஞ்சின் இல்லாத பாரம்பரியப் படகுக்கு அது பொருந்தாது, நாங்கள் மீன் பிடிக்கவும் இல்லை.

இலங்கை எல்லைப் பக்கம் போய்விட மாட்டீர்களா?

மாட்டோம். 1974, 1976 ஒப்பந்தங்களில் வகுத்த எல்லையும், அதைத் தாண்டியதாகச் சொல்லிப் பிடிபடும் எங்கள் ஆட்களின் வேதனையும் இந்தக் கரைக்கு அன்றாடச் செய்தி. கரையில் நிற்பவர் கண்ணுக்குப் பாய் முழுதாகத் தெரியும் தூரம்தான் எங்கள் எல்லை.

முத்துப்பேட்டை அலையாத்திக்குப் பாய்மரத்தில் கூட்டிப் போவீர்களா?

சுற்றுலாவாக இல்லை. அலையாத்திக் காடும் கோடியக்கரைச் சரணாலயமும் வனத்துறையின் கட்டுப்பாட்டில் இருப்பவை, அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. எங்கள் ஆட்கள் மல்லிப்பட்டினம், மனோரா பக்கம் போய் வத்தை கட்டிய ஆசாரிகளைப் பார்த்துக் குறிப்பு எடுத்து வருவதுண்டு. 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை அரசு கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. கடற்பசு மேயும் கடற்புல் ஆழம் குறைந்த இடத்தில்தான் வளரும். அந்த ஆழத்தில் மோட்டார் விசிறி புல்லை அறுக்கும், மூச்சு விட மேலே வரும் கடற்பசுவையும் ஆமையையும் வெட்டும். பாய்ப்படகில் விசிறியே இல்லை. காப்பகப் பகுதியில் பார்வையாளர்களைக் கூட்டிப்போக என்றைக்காவது படகு விடுவதென்றால், அது பாய் கட்டிய வத்தையாக இருக்கட்டும் என்பது எங்கள் கோரிக்கை. கட்டத் தெரிந்த ஆசாரிகள் இருக்கும்போதே அது நடக்க வேண்டும்.

புயலில் படகுகளுக்கு என்ன ஆகும்?

2018 நவம்பர் 16 விடிவதற்குள் கஜா எங்கள் பக்கம் கரையேறியது. தென்னை போனது, கூரை போனது, புஷ்பவனம் பக்கம் கடல் சேறே கரையில் ஏறிக் கிடந்தது. அந்த அனுபவத்தை வைத்து இப்போது எச்சரிக்கை வந்ததும் பாய்மரத்தைப் படுக்க வைத்து, சின்னப் படகுகளில் மணலும் தண்ணீரும் நிரப்பிக் கனமாக்கி, உள்பக்கம் இழுத்துக் கட்டிவிடுவோம். கட்டுமரத்தை அவிழ்த்துத் தனித்தனியாகப் போட்டால் போதும். பாய்கள் பள்ளிக்கூட மாடிக்குப் போகும்.

எங்கள் ஊரிலும் தொடங்க ஆசை. எதிலிருந்து ஆரம்பிப்பது?

படகு வாங்குவதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். ஊரில் பாய் ஓட்டிய பெரியவர்கள் யார் என்று விசாரித்து அவர்களோடு உட்காருங்கள். உங்கள் கரையில் எந்த இடத்தில் மேடு, எந்த மாதத்தில் நீரோட்டம் எந்தப் பக்கம், எங்கே அலை மெலிந்து படகு இறக்க வழி கிடைக்கும் என்பதெல்லாம் அவர்களிடம்தான் இருக்கிறது. பேசுவதைப் பதிவு செய்யுங்கள். எங்கள் குழுவில் முதலில் பாயைத் தைத்தவர்களில் சிலர் இப்போது இல்லை. அவர்கள் சொன்னதில் பதிவானது கொஞ்சம்தான்.

பிறகு ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் பேசுங்கள். சங்கமாகப் பதிய 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். மீன்வளத் துறை அலுவலகத்துக்கும் கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். லைப் ஜாக்கெட்டும் துணைப் படகும் உறுதியான பிறகு பாய் வாங்கலாம்.

கட்டணம் எவ்வளவு? என்ன கொண்டுவர வேண்டும்?

ஊர்ப் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. வெளியூரிலிருந்து வருபவர்கள் துணைப் படகின் டீசலிலும் சாப்பாட்டிலும் பங்கு கொடுத்தால் போதும். மீனவர் அல்லாதவர்களும் வரலாம், திருத்துறைப்பூண்டி பக்கத்து விவசாய வீட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். முழுக்கைச் சட்டை, தொப்பி, குடிதண்ணீர், மாற்றுத்துணி கொண்டுவாருங்கள். கயிறு இழுக்கும் கையில் மோதிரம் வேண்டாம். பன்னிரண்டு மணிக்கெல்லாம் கொட்டகைக்கு வந்துவிடுங்கள். கடல்காற்று எழுவதற்குள் மரத்தைக் கட்டி முடிக்க வேண்டும், அதற்குக் கை தேவைப்படும்.